மாமாவின் கழுத்தில் ஊதாக் கோடுகள்

அந்த வெள்ளிக்கிழமை மாமா கொழும்பிலிருந்து வந்து இறங்கியபோது, அவருடைய கழுத்தின் இரு பக்கமும் ஊதா மையால் கோடு கீறியிருந்தது. சட்டைக் கொலரை உயர்த்தி அதை மறைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவர் என் அம்மாவின் தம்பி. திருகோணமலைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் விலை கூறத் தொடங்கினால் அலைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அந்தக் குரல்வளையில்தான் புற்றுநோய் வந்திருந்தது.

வெட்டி எடுத்தால் குரல் போய்விடும், ஆரம்ப நிலை என்பதால் கதிர் கொடுத்துப் பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அதற்குக் 'கரண்ட் பிடிக்கிறது' என்று பெயர். கோபால்ட் கதிர் மெசின் காலம் அது. கிழமை நாட்களில் கொழும்பு ஆசுபத்திரியில் தங்கிவிட்டு, சனி ஞாயிறுக்கு அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு நாளும் கதிர் அதே இடத்தில் பட வேண்டும் என்பதற்காகவே அந்தக் கோடுகள். அழியக்கூடாது. கடலில் முழுகியே பழகிய மனுசன், கழுத்து நனையாமல் வாளித் தண்ணீரில் குளித்தார்.

என் மகளுக்கு அப்போது ஒரு வயதாகவில்லை. அவளை மடியை விட்டு இறக்காத மாமா, அன்று கிட்டவே வரவில்லை. முற்றத்தில் மரக்கதிரை ஒன்றைப் போட்டு, தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளையைக் கொண்டு வராத. என்ர உடம்பில கரண்ட் நிக்குதாம். சனம் கதைக்குது."

குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. தனக்குத் தனிக் கோப்பை வேண்டுமென்றும் அவரே கேட்டு வாங்கினார். அம்மா குசினிக்குள் போய், அடுப்பருகில் நின்று அழுதார்.

எனக்கும் உண்மை தெரியாது. கேட்டுவிடுவது என்று, ஞாயிறு இரவு ரயிலில் அவரோடு நானும் போனேன். மெசினை இயக்கிய பெண், நான் கேட்டதும் மாமாவைப் பார்த்துச் சிரித்தார்.

"லைற்றை நிப்பாட்டினாப் பிறகு அறைக்குள்ள வெளிச்சம் நிக்குமா ஐயா? இதுவும் அப்பிடித்தான். பிள்ளையைத் தாராளமாத் தூக்குங்கோ."

மாமா விடவில்லை. "அப்ப நீங்கள் ஏன் கதவைப் பூட்டிப்போட்டு வெளியில நிக்கிறியள்?"

"உங்களுக்கு இது கொஞ்ச நேரம்தான். நாங்கள் நாள் முழுக்க இந்த மெசினோட வேலை செய்யிறனாங்கள். முந்தின டொக்டர்மார் ஆபத்துத் தெரியாமல் தங்கட கையிலயே கதிரைப் பிடிச்சு அளவு பார்த்தவை. சிலருக்கு விரலே போனது. அவையள் பட்ட பாட்டிலதான் நாங்கள் கதவு பூட்டப் பழகினது."

மாமா தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தார்.

அடுத்த வெள்ளி வாசலில் செருப்பைக் கழற்றியதும் "எங்க என்ர குஞ்சு?" என்று கையை நீட்டினார். அவள் அவருடைய கொலரைப் பிடித்து இழுத்தாள். அவர் தடுக்கவில்லை.

குரல் திரும்ப மாதங்கள் ஆயின. மறுபடி ஏலம் கூறப் போன அன்று நானும் கடற்கரைக்குப் போனேன். பழைய கணீரென்ற குரல் இல்லை, அடியில் ஒரு கரகரப்பு இருந்தது. ஆனால் பின்வரிசை வரை கேட்டது. கிண்ணியாவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், "சத்தம் காணாது அண்ணே!" என்று வேண்டுமென்றே கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா இன்னும் உரத்துக் கூறினார்.

இப்போது புதிய மெசின்கள் வந்துவிட்டன. கழுத்தில் கீறாமல், வலைபோல ஓர் உறை செய்து அதில் அடையாளம் இடுகிறார்கள். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஏலத்தை விட்டுவிட்டார், கதையை விடவில்லை. காலையில் வந்து இருந்தால், விரல் இழந்த அந்த டொக்டர்மாரில் தொடங்கி ஊர்க்கதை முழுவதும் ஓடும். எண்பது வயதாகிவிட்ட அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "டேய், கொஞ்ச நேரம் வாயை மூடன்" என்பார்.

"ஏலாது அக்கா" என்று சொல்லிவிட்டு, மாமா தொடர்வார்.