கண்ணாடி மேல் போட்ட பழி

ரேடியோ நின்றுவிட்டது.

கடைக்கு முடி வெட்ட வருகிறவர்கள் மாமாவுக்கு வைத்த பெயர் அது. கத்தரியும் சீப்பும் கைக்கு வந்தால் வாய் திறக்கும். கடைசி ஆள் நாற்காலியை விட்டு இறங்கி, ஷட்டரை இழுக்கிறவரை மூடாது. எந்த வீடு விலைக்கு வருகிறது, எந்த மேனேஜருக்கு எங்கே மாற்றல், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அங்கே ஒலிபரப்பாகும். அன்றைக்கு எலக்ட்ரீஷியனுக்கு முடி வெட்டிக்கொண்டே, தண்ணீர்த் தொட்டிக்காகச் சண்டை போட்ட அண்ணன் தம்பி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணன்காரன் மொட்டை மாடில நிக்கறான். தம்பிக்காரன் ஏணியைத் தூக்கிட்டுப் போயிட்டான். இவன் என்ன பண்ணான்னா..."

என்ன பண்ணினான் என்பது வரவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த மருமகன் தலையைத் தூக்கினான். மாமாவின் அக்கா மகன். அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. இரண்டு நாற்காலிக் கடையில் இரண்டாவது நாற்காலி அவனுடையது. எப்போதும் போலக் கண்ணாடியில்தான் பார்த்தான். முடிவெட்டும் கடையில் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. பேச்சு, சிரிப்பு, முறைப்பு எல்லாமே கண்ணாடி வழியாகத்தான். மாமாவின் வாய் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. கத்தரி திறந்தபடி எலக்ட்ரீஷியனின் காதோரம் நின்றது.

அந்தக் கண்ணாடி பழசு. மேல்பகுதியில் ஒரு நெளிவு உண்டு. உட்கார்ந்திருப்பவர் முகம் ஒழுங்காகத் தெரியும். பின்னால் நிற்கிற மாமாவின் முகம்தான் அந்த நெளிவில் மாட்டிக்கொண்டு கோணும். மாற்றச் சொன்னால், "என்னைப் பார்க்கவா காசு குடுக்கறாங்க? உக்கார்றவன் அழகாத் தெரிஞ்சா போதும்" என்பார். வாய் கோணினாலும் சத்தம் குறையாத ரேடியோ என்று எல்லோரும் கேலி செய்து செய்து, அந்தக் கோணல் முகமே அவருடைய முகமாகிவிட்டது.

"என்ன பண்ணான் மாமா?" என்றான் மருமகன்.

மாமாவின் உதடு அசைந்தது. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஏதோ சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அவன் கெடக்கான் விடு" என்றார், பழைய குரலில்.

"ரேடியோவுல கரண்ட் போயிடுச்சு. நான் வேணா கழட்டிப் பார்க்கவா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

கடை முழுக்கச் சிரித்தது. மாமா சிரித்தார். மருமகனும் சிரித்தான். நெளிவு இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது என்று நினைத்தபடி, பாதியில் விட்ட கன்னத்துக்குத் திரும்பினான்.

மாமா எதையும் மறைக்கிற ஆள் இல்லை. அத்தையிடம் வாங்கிய திட்டைக்கூட மறுநாள் காலை முதல் ஆளுக்கே சொல்லிவிடுவார். ஒன்றே ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வராது. எதிர்வரிசையில் முன்பு இன்னொரு கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் ஒரு தடவை யாருக்கோ தாடையில் லேசாகக் கீறிவிட்டார். எல்லோருக்கும் நடப்பதுதான். மாமா தன் நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம், "பாவம், அவருக்குக் கை நடுங்குதாம்" என்றார். பொறாமையில்கூடச் சொல்லவில்லை. வாய்க்கு வந்தது, சொன்னார். அந்த மனுஷருக்குக் கை நடுங்கவே இல்லை. ஆனால் ஒருவர்கூட அதற்குப் பிறகு அவரிடம் கழுத்தைக் கொடுக்கவில்லை. இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது. மாமா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவது அபூர்வம். ஒருவர் சாப்பிட்டால் ஒருவர் கடையில் நிற்க வேண்டும். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, ஆளே வரவில்லை. பின்னறையில் துண்டு மூட்டைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே ஸ்டூல் போட்டு, முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

மாமா தண்ணீர் குடித்தார். தண்ணீர் உள்ளே போகவில்லை. வாயின் ஓரத்தில் வழிந்து, தாடையில் இறங்கி, சட்டையை நனைத்தது. அவருக்கு அது தெரியவில்லை. டம்ளரைச் சாய்த்தபடியே இருந்தார்.

மருமகன் அவரை நேராகப் பார்த்தான். அதே கோணல். கண்ணாடி இல்லாத இடத்தில், கையெட்டும் தூரத்தில், அதே வாய், அதே பக்கம், அதே இறக்கம். எடுத்த கவளம் கையிலேயே இருந்தது. எத்தனை தடவை பார்த்திருப்பான்? எத்தனை தடவை கண்ணாடி மேல் பழி போட்டிருப்பான்? எலக்ட்ரீஷியன் சொன்னதற்குச் சிரித்தது ஞாபகம் வந்ததும் கவளத்தை டப்பாவிலேயே போட்டான்.

"ன்னா... பாக்..." என்றார் மாமா. வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

எழுந்து அவர் தோளைப் பிடிப்பதற்குள் முகம் பழையபடி நேராகிவிட்டது. துணியை இழுத்துவிட்டால் மடிப்பு மறைகிற மாதிரி. பிடித்த கையை என்ன செய்வது என்று மருமகனுக்குத் தெரியவில்லை.

"மாமா, கையைத் தூக்குங்க. ரெண்டையும்."

"எதுக்கு, போலீஸ் வந்திருக்கா?" தூக்கினார். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. "போதுமா? இறக்கலாமா?"

"சட்டையைப் பாருங்க."

மாமா குனிந்து பார்த்தார். ஈரத்தைத் தொட்டார். நிஜமாகவே திகைத்தார். பிறகு சமாளித்துக்கொண்டார். "டம்ளர்ல ஓட்டை."

"எவர்சில்வர் டம்ளர்லயா?"

"அப்ப என் வாயில ஓட்டை. ஊரே அதைத்தானே சொல்லுது."

"கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"தண்ணி சிந்தினவனையெல்லாம் படுக்க வெச்சா கட்டில் பத்தாது மாப்ளே." டப்பாவை மூடினார். அப்புறம், ரேடியோவில் ஒருநாளும் கேட்காத குரலில், "இது கடையைத் தாண்ட வேணாம்" என்றார்.

மருமகன் மழையிலேயே பக்கத்து மருந்துக் கடைக்கு ஓடினான். அங்கே இருக்கும் அக்கா எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினான்.

"இப்ப சரியாயிட்டார்க்கா" என்று முடித்தான்.

"சரியாயிடுச்சுன்னு நிம்மதியா இருக்கியா? மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுத் தெறந்திருக்குடா. அடுத்தது அடைச்சபடியே நின்னுட்டா வாய், கை, காலு எதுவும் திரும்பாது. ஆளே போனாலும் போயிடும். மாத்திரை கீத்திரைன்னு எங்கிட்ட கேக்காத. இப்பவே கூட்டிட்டுப் போ. நாளைக்குன்னு ஒண்ணு கெடையாது."

கடை வாசல் படியில் நின்று அத்தைக்குப் போன் செய்தான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அத்தை, மாமாவுக்கு..." என்று இழுத்தான்.

"வாயா, கையா?" என்றாள் அத்தை.

அவன் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"காலைல சட்டை பட்டனைப் பிடிச்சுட்டு அப்படியே நிப்பார். நான் போட்டுவிடுவேன். கேட்டா எரிஞ்சு விழுவார். வெளில ஒரு வார்த்தை போச்சு, கடையை மூட வேண்டியதுதான், எதிர்க்கடைக்காரனைப் பார்த்தேல்லன்னார்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை."

"கத்தியைத் தொடமாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணார்டா. கத்தி எடுக்கலைன்னா யாருக்கும் ஆபத்தில்லைன்னு விட்டுட்டேன். அவருக்கே ஆபத்துன்னு எனக்குத் தோணவே இல்லை பாரு."

சவரத்துக்கு ஆள் வந்தாலே, "மாப்ளே, இவரை நீ பாரு, எனக்கு இடுப்பு பிடிக்குது" என்று மாமா தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய ஆட்களைக்கூடத் தள்ளிவிட்டார். சவரத்தில் தன் கை தேர்ந்துவிட்டது என்று மாமாவே ஒப்புக்கொண்டதாக அவன் மனைவியிடம் பெருமை வேறு அடித்திருந்தான்.

உள்ளே போய் ஷட்டரைப் பாதி இறக்கினான். மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். துணியைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டு தலையைச் சாய்த்தான்.

"சவரம் பண்ணுங்க."

"காலைலதானே பண்ணின?"

"மறுபடி பண்ணுங்க. ஒண்ணுமில்லைங்கறீங்கல்ல, கத்தியை எடுங்க. முடிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? அந்த மருந்துக் கடைக்காரி ஏதாவது ஓதினாளா?"

"பண்ணுங்க மாமா."

நுரை வந்தது. பிரஷ் கன்னத்தில் வட்டமாக ஓடியது. அந்தக் கை இன்னும் அருமையான கை. பிளேடை இரண்டாக உடைக்கும் சத்தமும், பாதியைக் கத்தியில் செருகி மூடும் சத்தமும் கேட்டன. கட்டைவிரல் தாடைக்குக் கீழே தோலை இழுத்துப் பிடித்தது. மருமகன் கண்ணை மூடிக்கொண்டான். மாமா எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அவன் யோசித்திருக்கவில்லை. அவர் எடுத்து, நடுவில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்போதுதான் யோசித்தான்.

கத்தியின் குளிர்ச்சி கழுத்தில் படவே இல்லை.

கண்ணைத் திறந்தான். மாமா கண்ணாடியைப் பார்க்கவில்லை. குனிந்து, நேராக அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"எந்திரி" என்றார்.

"முடியலையா?"

"முடியும். இந்த நிமிஷம் முடியும். அடுத்த நிமிஷத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லை." கத்தியை மேஜையில் வைத்துத் தள்ளினார். "வண்டியைக் கூப்பிடு. உங்க அத்தைக்குச் சொல்லிடு. கடைல பெரிய லைட்டை அணை, வெட்டியா எரியுது."

மருமகன் நுரையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே வாடகைக் காருக்குப் போன் செய்தான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மாமாவைக் கட்டிலில் படுக்க வைத்து, சிரிக்கச் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னாள், தன் விரலை அழுத்தச் சொன்னாள். எல்லாம் சரியாகவே செய்தார். கத்தி விஷயத்தைத் தவிர மிச்சத்தையெல்லாம் மாமாவே டாக்டரிடம் சொன்னார். பட்டன், தண்ணீர், எலக்ட்ரீஷியனின் காது. ஒன்றையும் விடவில்லை. ரேடியோ திரும்பப் பாடத் தொடங்கியதில் மருமகனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"முதல்ல எப்ப வந்தது?" என்றாள் டாக்டர்.

மாமா மருமகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேலே கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"இவனுக்குச் சவரம் பண்ணிட்டு இருக்கும்போது."

"கையில கத்தியோடயா?"

"கத்தி கழுத்துல இருந்துச்சும்மா. கைதான் இல்லாம போச்சு. இருக்கு, ஆனா என்னோடது இல்லை. எடுக்கவும் வரலை. அழுத்துதா, சும்மா இருக்கான்னும் தெரியலை. கூப்பிடலாம்னா வாய் வரலை. கூப்பிட்டா இவன் திடுக்குன்னு எந்திரிப்பான், அதுவும் ஆபத்து. இவன் நல்லாக் குறட்டை விட்டுட்டு இருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டை ஏறி வந்து பிளேடைத் தொட்டுட்டு இறங்குது. அதையே பார்த்துட்டு நின்னேன்."

டாக்டர் எழுதவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் கை வந்துச்சு. மிச்சத்தை முடிச்சேன்."

"முடிச்சீங்களா?"

"பாதி மூஞ்சியோட எப்படிம்மா வீட்டுக்கு அனுப்பறது? அதுதான் கடைசி. அதுக்கப்புறம் யார் கழுத்துலயும் கத்தி வெச்சதில்லை."

அந்த நாள் எது என்று மருமகன் தேடினான். அகப்படவில்லை. அதற்கு அடையாளமே இல்லை. எழுந்து, கன்னத்தைத் தடவிப் பார்த்து, "பிரமாதம் மாமா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட்ட எத்தனையோ நாட்களில் ஒன்று.

இரண்டு ஆட்கள் கட்டிலை ஸ்கேன் அறைக்குத் தள்ள வந்தார்கள். கூடப் போக வேண்டும் என்று மருமகன் எழுந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. கை தானாகப் போய்க் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நகர்ந்துகொண்டிருந்த கட்டிலிலிருந்து மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"டாக்டரம்மா," என்றார், "முதல்ல அவனைக் கொஞ்சம் பாருங்க. வாய் பேச வரலை போலிருக்கு."