தம்பிக்கு அம்மா செய்த ஷூ

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தும் எங்கள் அம்மா ஒரு முழு ஷூவைச் செய்ததில்லை. குதிகால் பக்கத் தையல் மட்டும்தான் அவள் வேலை. தோல் வெட்டுவது ஒருவர், அடி ஒட்டுவது இன்னொருவர்.

எனக்குப் பத்து வயதானபோது, நாலு வயதுத் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவார். லீவு நாளில் நானும் போவேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்பதுதான் எனக்கு அன்றைய பெரிய கவலை.

முடி கொட்டியதைத் தம்பி கண்டுகொள்ளவில்லை. ஆனால் மருந்தின் வேகத்தில் கால் நரம்பு தளர்ந்து பாதம் தொங்க ஆரம்பித்தது. நாலடி வைத்தால் விழுந்தான். பிறகு நடக்கவே மறுத்தான். கணுக்காலைப் பிடித்து நிறுத்துகிற உயரமான ஷூ போடச் சொன்னார், நடைப்பயிற்சி கொடுக்கும் அக்கா. வேலூர் லாங் பஜார் கடையில் வாங்கிய ஷூ காலைக் கடித்துப் புண்ணாக்கியது. புண் வந்தால் காய்ச்சல். காய்ச்சல் வந்தால் மறுபடி வார்டு.

"நானே செய்றேன்" என்றாள் அம்மா.

"உனக்கு இன்னா தெரியும்? ஒரு தையல்தானே" என்றார் அப்பா.

"மீதி தெரிஞ்சவங்க அங்க இருக்காங்க இல்ல."

ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் வேலை நடந்தது. சூப்பர்வைசர் ஒதுக்கிய தோல் துண்டுகளைக் கொடுத்தார். வெட்டும் பிரிவு அக்கா மிருதுவானதைப் பொறுக்கி வெட்டினார். அடி ஒட்டும் பாய் அம்மாவிடம், "புள்ளைக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டுனு வாம்மா. அங்க தையலே இல்லாம பண்ணிடலாம்" என்றாராம். கேட்டு வரும் வேலை எனக்கு வந்தது. நோட்டுத் தாளில் தம்பியின் பாதத்தை வரைந்து, வலிக்கும் இடத்தில் எல்லாம் புள்ளி வைத்தேன். அவன் கூச்சத்தில் நெளிந்ததால் ஒரு விரல் கோணலாகிவிட்டது.

அடுத்த முறை அம்மாவும் எங்களோடு வந்தாள். ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் தம்பி புது ஷூவோடு, யார் கையையும் பிடிக்காமல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தான். நடைப்பயிற்சி அக்கா குனிந்து ஷூவைத் தொட்டுப் பார்த்து, "எந்தக் கடையில வாங்கனீங்க?" என்று கேட்டார்.

"எங்கம்மா செஞ்சது" என்றான் தம்பி.

வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் அவனை இழுத்துப்போய்க் காட்டினேன். பாதத்தை வரைந்தது நான் என்பதையும் சொல்லத் தவறவில்லை. அம்மா மருந்துச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பையிலிருந்து இன்னொரு ஜோடியை எடுத்து அலமாரியில் வைத்தாள். அதே மாதிரி, ஆனால் ஒரு விரற்கடை பெரியது.

"இது எதுக்கும்மா?"

"தோல் மிச்சம் இருந்துச்சுடி."

நம்பிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த ஜூனில் தம்பி பள்ளிக்கூடம் போனான்; இப்போது காலேஜில் படிக்கிறான். டாக்டர்கள் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காத மாதங்கள் அவை என்பது அன்று எனக்குத் தெரியாது.