மவுஸ் படாத முகம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பிளெக்ஸ் கடையில் ஜெயசுதா ஒன்பது வருடமாகப் பேனர் வடிவமைக்கிறாள். கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, அந்தக் கடையில் முதல் வேலைக்குப் பெயர் 'மூஞ்சி கழுவறது'. தண்ணீர் வேண்டாம், மவுஸ் போதும். பரு, தழும்பு, கருவளையம் எல்லாம் போய்விடும். இறந்த பெரியவர்கள்கூட அவள் கையால் பத்து வயது குறைந்துதான் சொர்க்கம் போனார்கள். இப்படி மாவட்டத்தில் பாதிப் பேரின் பருவைத் துடைத்தவளுக்குத் தன் கன்னத்துப் பருக்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கச்சிராயபாளையம் தனியார் பேருந்து ஓட்டுநர் அஜித்குமாரின் வீட்டுக்கு வரன் பேச்சுக்காகப் போன தன் போட்டோவையும் பழக்கதோஷத்தில் கழுவித்தான் அனுப்பியிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அத்தை லட்சுமியம்மாள், போட்டோவையும் காபித் தட்டோடு நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரிய பொண்ணு குடுத்த காபி நல்லாகீது. போட்டோவுல கீற சின்னப் பொண்ண இட்டுக்கினு வாங்க."

ஜெயசுதாவுக்குத் தங்கையே கிடையாது.

அஜித்குமார் சிரித்த சிரிப்பில் சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஜெயசுதாவுக்கோ ரோஷம். கல்யாணப் பேனரில் தன் முகத்தில் மவுஸ் படாது என்று கடையில் அறிவித்தாள். உண்மைக்கு மாறுவதில் ஒரு சிக்கல், அது கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். ஆகவே தோல் டாக்டரம்மாவிடம் போனாள்.

"நீல ஒளி பருவுக்குக் காரணமான கிருமியக் கொறைக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவ, நாலு வாரம். தழும்பு போவாது. புதுசா வராதுன்னும் எழுதிக் குடுக்க மாட்டேன்."

இவ்வளவு குறைவாக வாக்குக் கொடுக்கும் ஆளை ஜெயசுதா தன் தொழிலில் சந்தித்ததே இல்லை. உடனே நம்பிவிட்டாள்.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீல வெளிச்சத்தில் இருபது நிமிடம் படுக்க வேண்டும். முதல் தடவை வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் போன்.

"இன்னா பண்ணிக்கினு கீற?"

"மூஞ்சிக்கு நீல லைட்டு வச்சிக்கினு வரேங்க."

"எங்க பஸ்ஸு முழுக்க அதானே! கண்டக்டர் ராசு எட்டு வருசமா அதுக்கடியிலதான் நிக்கிறான். அவன் மூஞ்சி இன்னும் ஜல்லி கொட்டுன ரோடு."

"டிக்கெட் குடுத்துக்கினே நின்னா எப்டிங்க? படுக்கணும்."

நாலு தடவை ஆனதும் பருக்கள் வாடத் தொடங்கின. அதற்குள் முதலாளி அரங்கநாதனுக்கு அவசரம்.

"முகூர்த்த சீசன்மா. அடுத்த வாரம் மிசினு ஓயாது. கடைப் பொண்ணு பேனர மொதல்ல அடிச்சிருவோம்."

அன்றே போட்டோ எடுத்தார்கள். கன்னத்தில் மூன்று, நெற்றியில் ஒன்று பாக்கி.

அரங்கநாதன் திரையைப் பார்த்துக் கெஞ்சினார். "கீழ மாப்பிள்ள கூட்டாளிங்க முப்பது பேரு. எல்லாம் கழுவியாச்சி. அந்த ராசுவே மினுமினுங்கறான். பொண்ணுக்கு மட்டும் பருன்னா கடை பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

"சொன்னா சொன்னதுதாங்க."

மவுஸோடு தானாகத் திரையிலிருந்த கன்னத்துக்குப் போன வலது கையை இடது கையால் பிடித்து இழுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தாள்.

ஒன்பது வருடத்தில் அவள் ஒரு பருவைக்கூட அச்சடித்ததில்லை. பத்தடிப் பேனரில் அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வரும் என்பது மண்டப வாசலில் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

"மிசினு ரிப்பேரா?" என்றார் ஒருவர். "பொண்ணுக்கு அம்மை போட்டுக்கீதா?" என்றார் இன்னொருவர். எல்லாம் மணமகள் அறைக்குள் ஜெயசுதாவின் காதில் விழுந்தது. பேனருக்குப் பிறகு இன்னும் நான்கு முறை வெளிச்சத்தில் படுத்ததில் கன்னம் தெளிந்திருந்தது. ஆனால் டாக்டரம்மா எழுதிக் கொடுக்காததும் நியாயம்தான். அன்று காலை மூக்கு நுனியில் புதிதாக ஒன்று எட்டிப் பார்த்தது.

வருவது வரட்டும் என்று அதோடேயே மேடை ஏறினாள்.

முன்வரிசையிலிருந்து லட்சுமியம்மாள் எழுந்தாள். வாசல்வரை போய்ப் பேனரைப் பார்த்தாள். திரும்பி வந்து மணப்பெண்ணைப் பார்த்தாள். மூக்கு நுனி அவள் கண்ணில் படவே இல்லை. விரலை உயர்த்தி ஆட்டினாள்.

"டேய் அஜித்து! பேனர்ல கீறவதான்டா அக்கா. இவதான் சின்னவ. வுடாத, சட்டுனு கட்டு!"

விரல் ஆடினால் கெட்டிமேளம் என்பது மேளக்காரர்களுக்குத் தெரியும். யாருடைய விரல் என்று அவர்கள் பார்ப்பதில்லை. மேளம் வெடித்தது. விசில் கேட்டதும் வண்டியை எடுத்துப் பழகிய அஜித்குமார் தாலியை எடுத்தான். நல்ல நேரத்துக்கு இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது என்று ஐயர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.