மடவார் வளாகத்து வீடும் என் மில் காதும்

ஒரு வீட்டை "ரொம்ப அமைதியா இருக்கு" என்பதற்காக வாங்கியவன் நான். இருபது வருஷமாக ஸ்பின்னிங் மில்லில், நூல் நூற்கும் மெஷின்கள் இரைகிற ரிங் ஃப்ரேம் டிபார்ட்மெண்டில் நின்ற காதை வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வந்தேன். இதைப் பற்றி என் மனைவி கோமதி சொன்னதை அச்சில் போட முடியாது.

மில்லில் இளவட்டப் பிள்ளைகள் வந்து, "சார், பி.எஃப். லோன் போட்டு ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?" என்று யோசனை கேட்கிறார்கள். என்னிடம் கேட்பதற்கு ஒரே காரணம், பக்கத்து ஊரில், மடவார் வளாகத்தில், வாடகைக்கு விட்ட ஒரு வீடு எனக்கு இருக்கிறது. அது என்னிடம் எப்படி இருக்கிறது என்பதை அவர்கள் கேட்பதில்லை. கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

வாங்கியது

எண்பதுகளின் நடுவில் நடந்தது. இராஜபாளையத்தில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. கோமதிக்கு அவள் அப்பா செண்பகத்தோப்புப் போகிற வழியில் ஒரு மாந்தோப்பு கொடுத்திருந்தார். எங்களிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். மில் வேலை முடிந்த பிறகு சாப்பிட ஒரு வழி வேண்டுமே என்று நானும் நாலு பொருளாதாரப் புத்தகங்களைப் படித்துவிட்டு அவளிடம் சொன்னேன்: "தோப்பு வருஷத்துக்கு ஒரு தடவ காய்க்கும், காய்க்காமலும் போகும். வீடு மாசாமாசம் காய்க்கும்." இந்த வாக்கியத்தை நானே தயாரித்தேன். அதன் அழகில் மயங்கியது நான் ஒருவன்தான். இருந்தும் தோப்பை விற்க அவள் கையெழுத்துப் போட்டாள்.

புரோக்கர் சங்கரபாண்டி வீட்டைக் காட்டினார். "பத்திரம் சுத்தம் அண்ணாச்சி. வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு. தெருக்குழாய் வாசல்லயே இருக்கு. பஸ்ஸுக்கு நடந்தே போயிரலாம்."

"வெல ஏன் கம்மியா இருக்கு?"

"விக்கிறவுகளுக்கு மெட்ராஸ்ல ஒரு அவசரம்."

புத்தகத்தில் சொன்ன அத்தனையும் செய்தேன். மூலப்பத்திரம் பார்த்தேன், வரி ரசீது பார்த்தேன், சுவரைத் தட்டிப் பார்த்தேன், தளம் ஒழுகுமா என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியும் வாங்கினேன். கடைசியாக, காலை ஷிப்ட் முடிந்த ஒரு மத்தியானம் சங்கரபாண்டியைப் பூட்டைத் திறந்துவிடச் சொல்லி, தனியாக உள்ளே போனேன். பின்னறையில் ஒரு பாய் விரித்திருந்தது. புரோக்கரின் மரியாதை என்று நினைத்து அதில் உட்கார்ந்தேன். வெளியே வெயில் சுட்டெரித்தது. உள்ளே குளுமை. ஒரு சத்தம் இல்லை. மில்லின் இரைச்சலிலிருந்து வந்தவனுக்கு அந்த மௌனம் தலையைத் தடவிக் கொடுப்பது போல இருந்தது. கண்ணயர்ந்துகூடப் போனேன். மறுநாள் அட்வான்ஸ் கொடுத்தேன்.

கோமதியை அழைத்துப் போய்க் காட்டவில்லை. வில்லங்கம் பார்ப்பதற்குப் பெண்கள் எதற்கு என்று ஒரு நினைப்பு.

காலி செய்தவர்கள்

முதலில் வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். குடும்பத்தோடு வந்தார், ஒரு பருவத் தேர்வு முடிவதற்குள் போய்விட்டார். காரணம் கேட்டதற்கு, "காத்து வரல சார்" என்றார். அந்த வீட்டில் காய்ந்த துணி பறந்து தெருவுக்குப் போகும். சரி, வாத்தியார்களுக்குத் தனிக் காற்று வேண்டும் போல என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது செல்லையா. செண்பகத்தோப்பில் வனத்துறைக் காவலர். இரவெல்லாம் மலையடிவாரத்தில் காவல், பகலில் தூக்கம். பயமறியாத ஆள் கிடைத்தான் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு மத்தியானம் வாடகை வாங்கப் போனேன். முன்னறையில் என்னை உட்காரவைத்து, முந்தின வாரம் தோட்டத்துக்குள் இறங்கிய யானையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதிக் கதையில் வாய் நின்றது. கழுத்து பின்னறைப் பக்கம் திரும்பியது. "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனான். பெண்டாட்டி கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்தேன். பிறகுதான், அவள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருப்பதாக அவனே வாசலில் வைத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது அவன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"உள்ள யாருப்பா?"

"யாருமில்ல அண்ணாச்சி."

"பின்ன யாருக்குப் பதில் சொன்னே?"

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒங்களுக்குக் கேக்கலயா? இல்ல, கேக்காத மாதிரி நடிக்கீகளா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலயேப்பா."

"காட்டுல யான பிளிறுனா எந்தப் பக்கம், எம்புட்டுத் தூரம்னு சொல்லிருவேன். இது எங்க அம்மா குரலு. 'ஏலே செல்லையா, செத்த வந்துட்டுப் போ'ங்குது. அம்புட்டுத்தான். அவளுக்குக் கொள்ளி வச்சவனே நாந்தான். போனா யாருமில்ல. போகாம இருக்கவும் முடியல." பின்னறைப் பக்கம் கையைக் காட்டினான். "நான் சுருட்டி வைக்கிற பாயி, போறப்பல்லாம் விரிச்சுக் கெடக்கு."

அந்த வாரமே காலி செய்தான். சாமான்களை ஏற்றியபோது பின்னறைக்குள் மட்டும் போகவில்லை. அங்கே இருந்த தகரப்பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அங்கே வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. தனியாகக் காட்டில் கிடந்தால் மனுஷனுக்கு இப்படித்தான் ஆகும் என்று கோமதியிடம் விளக்கினேன். அதற்கும் ஒரு புத்தகத்தில் ஆதாரம் வைத்திருந்தேன்.

கோமதி பெருக்கியது

காலியான வீட்டைப் பெருக்கிவிட கோமதி வந்தாள். அதுவும் மத்தியானம்தான். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே அவள் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். பின்னறைப் பக்கம் பாதி திரும்பி, "கையில வேல இருக்குல்ல, வாரேன் இருங்க" என்றாள்.

நான் பேப்பரைத் தாழ்த்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். பின்னறையைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"நீங்க இங்கயா இருக்கீக?"

"இங்கதான் இருக்கேன்."

"அப்ப உள்ள இருந்து கூப்பிட்டது?"

அவள் விளக்குமாற்றைக் கீழே போடாமல், கையில் பிடித்தபடியே தெருவுக்கு வந்துவிட்டாள். நான் பின்னாலேயே வந்து பூட்டினேன்.

"என் குரலாவா இருந்துச்சு?"

"ஒங்க குரலேதான். ஆனா நீங்க ஒரு நாளும் என்னயப் பேரச் சொல்லி அம்புட்டு ஆசையாக் கூப்பிட்டதில்ல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்."

பஸ் ஏறப் போகும் வழியில் யாரோ தோளைத் தொட்டார்கள். கோமதிதான். "பின்னால நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கேன், நீங்க பாட்டுக்குப் போறீக" என்றாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ பேசினாள். தூரத்தில் பஸ் உறுமுவது போல ஒன்று கேட்டது. சொல் ஒன்றுகூட விளங்கவில்லை.

ரிங் ஃப்ரேமில் யாரும் காதால் பேசுவதில்லை. உதட்டைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம், ஆளைக் கூப்பிட வேண்டுமானால் தோளைத் தொடுவோம். வருஷக்கணக்கில் அப்படியே பழகி, வீட்டிலும் தெருவிலும் உதடு பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். காது போனது எனக்கே தெரியவில்லை. அமைதியான வீடு என்று நான் வாங்கியது என் காதைத்தான்.

அன்று இரண்டாவது விஷயமும் உறைத்தது. மறுநாள் சங்கரபாண்டியைப் பிடித்து, வீடு காட்டின அன்றைக்குப் பின்னறையில் பாய் விரித்தது அவர்தானே என்று கேட்டேன். "பாயா? நான் பூட்டத் தொறந்து விட்டதோட சரி அண்ணாச்சி. உள்ளயே வரலயே" என்றார்.

அந்தப் பாயில் நான் தூங்கியிருக்கிறேன். தூங்கிய நேரம் முழுக்க யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். யார் குரலில் கூப்பிட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சில சமயம் தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருக்கிறது. அந்த ஆசைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கவுண்டுக்குத் தக்க டிராவலர்

நூற்பில் ஒரு விதி உண்டு. நூலின் பருமனைச் சொல்லும் நம்பர்தான் கவுண்ட்; எந்தக் கவுண்ட் நூல் ஓட்டுகிறோமோ அதற்குத் தக்க டிராவலர், அதாவது நூலை இழுத்துச் சுற்றும் சின்ன உலோகக் கொக்கி, போட வேண்டும். தப்பாகப் போட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். நூலையும் குறை சொல்ல முடியாது, டிராவலரையும் குறை சொல்ல முடியாது. வீட்டை விற்கலாம் என்றால், அந்தத் தெருவில் கதை தெரிந்திருந்தது, ஒருவரும் வாங்க வரவில்லை. தோப்பு போய்விட்டது. ஆகவே வீட்டுக்குத் தக்க ஆளைப் போடுவது என்று மில் மூளையால் முடிவு செய்தேன்.

பேண்டேஜ் துணி நெய்கிற பவர்லூமில் சேர்ந்து வேலை பார்த்த மாரியப்பனும் அவன் மனைவி முத்துலட்சுமியும் வீடு கேட்டு வந்தார்கள். தறிச் சத்தத்துக்கு முன்னால் எங்கள் ரிங் ஃப்ரேம் தாலாட்டு. அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பின்னால் நின்று இருமினேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கடைசியில் கையைத் தட்டினேன். இருவரும் திரும்பவில்லை. இத்தனை கேவலமான இன்டர்வியூ எதையும் நான் மில்லில் நடத்தியதில்லை. சாவியைக் கொடுத்தேன்.

"சொல்லிட்டுக் குடுங்க" என்றாள் கோமதி.

"கேக்காதவுகளுக்கு அதச் சொல்லி ஏன் பயங்காட்டணும்?" என்றேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று அப்போது தோன்றியது.

அவர்கள் தங்கிவிட்டார்கள். வாசலில் முல்லைக்கொடி வந்தது. தொண்ணூறுகள் பிறந்தன, வாடகை ஒழுங்காக வந்தது, முதலீடு பற்றி மில் கேண்டீனில் நான் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கினேன். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

குழந்தை நடை பழகிய சமயம் ஒரு மத்தியானம் போயிருந்தேன். "பாப்பா பேச ஆரம்பிச்சுட்டா அண்ணாச்சி" என்றாள் முத்துலட்சுமி.

"என்ன பேசுதா? அம்மாங்காளா?"

"அம்மா இன்னும் வரல. 'வாரேன்'ங்கா. ஒதட்டப் பாத்தாத் தெரியுது."

குழந்தை தரையில், நூல் சுற்றுகிற காலி பாபினை உருட்டிக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி என்னிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், குழந்தை பாபினை விட்டுவிட்டு நிமிர்ந்தது. பின்னறையைப் பார்த்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. உதடு குவிந்து விரிந்தது. நான் உதடு படிக்கிற ஆள், தப்பாகப் படிக்க வழியில்லை. வாரேன்.

எழுந்து தத்தித் தத்திப் போய், பின்னறை வாசலில் நின்று, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் மேலே நீட்டியது.

நான் பாய்ந்து போய்த் தூக்கினேன். அறையில் யாரும் இல்லை. பாய் விரித்திருந்தது. குழந்தை என் தோளுக்கு மேலே யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தது.

சொன்னது

வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். சொன்னால் அவர்கள் போய்விடுவார்கள், ஊருக்கே கதை பரவும், பிறகு அந்த வீட்டுக்கு ஒருவனும் வரமாட்டான், மில்லை விட்டு நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது என்றெல்லாம் அடுக்கினேன். அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

டவுன் பஸ் ஏறிப் போனோம். புருஷன் பெண்டாட்டி இருவரையும் எதிரே உட்காரவைத்து, உதடு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியார், செல்லையா, கோமதி, பாய், குழந்தை. நான் செய்த இன்டர்வியூவையும் சொன்னேன்.

மாரியப்பன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் எங்களைப் பார்த்தாள்.

"இதச் சொல்லவா இம்புட்டு வெயில்ல வந்தீக? வந்த மொத வாரமே அடுத்த வீட்டக்கா சொல்லிட்டாக."

"தெரிஞ்சுமா இருக்கீக?" என்றாள் கோமதி. "பிள்ளைய வச்சுக்கிட்டு?"

"மதினி, பிள்ள அழுதா எங்க ரெண்டு பேருக்கும் கேக்காது. ராத்திரி தறியில நின்னுட்டு வந்து மத்தியானம் கண்ணச் சொருகிரும். ஒரு நா நான் தூங்குதேன், இவ தெருவுல எறங்கிட்டா. லாரி வருதாம். அக்கா பாத்துட்டு ஓடி வாராக. அவுக வரதுக்குள்ள இவளே 'வாரேன்'னுக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடிட்டாளாம். உள்ள இருந்து ஒரு பொம்பளக் கொரலு கூப்பிட்டுச்சாம். ஏங்கொரலுன்னாக அக்கா. நான் தூங்கிக்கிட்டுல்லா இருந்தேன்." குழந்தையின் தலையைத் தடவினாள். "எங்களுக்குக் கேக்காதத யாரோ ஒருத்தர் கேட்டுப் பாத்துக்கிடட்டும்."

காப்பி குடித்துவிட்டு வந்தோம். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

வீடு வாங்கப் போகும் பிள்ளைகளே, பத்திரமும் வில்லங்கமும் கட்டாயம் பாருங்கள். அதை யாரும் பார்த்துவிடலாம். ஆனால் உங்கள் வேலை உங்கள் காதையும் மூக்கையும் என்ன செய்து வைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வேறு வேலை பார்க்கிற ஒரு ஆளைக் கூட்டிப்போய், ஒரு மத்தியானம் முழுக்க உள்ளே உட்காரவையுங்கள். முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டில் என்ன குறை இருந்தாலும் சாவி கொடுக்கும் முன்பே குடிவருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்; எப்படியும் அவருக்குத் தெரிந்துவிடும், நீங்கள் சொல்லவில்லை என்பதும் சேர்த்துத் தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் போனபோது மனசு கேட்காமல், "நெசமாவே ஒனக்குப் பயமில்லயாம்மா?" என்று முத்துலட்சுமியிடம் கேட்டேன். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்: "அது இருந்த எடத்துல இருந்து கூப்பிடத்தான் செய்யுது அண்ணாச்சி. மாசம் பொறந்தா வாடகைக்குன்னு நேர்ல வந்து நிக்கது நீங்கதான்."