நோடு நிற்கக் கூடாது

கம்ப்யூட்டரை நிற்காமல் ஓடவிட்டு அதற்குக் காவல் இருப்பதுதான் எங்கள் தொழில். கம்ப்யூட்டரின் மின்விசிறிச் சத்தம் ஒரு கணம் நின்றாலே எழுந்து ஓடும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரே கணக்குப் புத்தகத்தை உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் வைத்துக்கொண்டு சரிபார்ப்பதுதான் பிளாக்செயின். அதில் ஒரு கம்ப்யூட்டர் ஒரு நோடு. என்னுடையவை தாராவியில், தோல்பைப் பட்டறைக்கு மேலே, ஏணியில் ஏறிப் போகும் அறையில் இருக்கின்றன.

முழு நோடு

இது புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து இணையம் வழியாக இறக்கி, ஒவ்வொரு வரியையும் தானே சரிபார்க்கும். முதல் தடவை ஒன்பது நாள் ஆனது. பட்டறை முதலாளி காதர் பாய் கடையநல்லூர்க்காரர். தினமும் ஏணியில் தலையை நீட்டி, இறங்கி முடிந்ததா என்று கேட்பார். பத்தாம் நாள், முடிந்தது பாய் என்று பெருமையாகத் திரையைக் காட்டினேன். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒம்பது நாளா எறக்கிருக்கீரு, ஒரு மூட்டையும் காணோமே வே!"

லைட் நோடு

போனிலேயே ஓடும். முழுப் புத்தகம் வைத்துக்கொள்ளாது. பக்கங்களின் தலைப்பு மட்டும் போதும் அதற்கு. சாப்பிடும்போது மனைவி செல்விக்கு இதை விளக்கினேன். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்குச் சற்று முன்புதான் டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் சொல்ல, நான் போனைப் பார்த்தபடி 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அப்ப நீங்களும் அதுதான். நான் சொல்லுததுல தலைப்ப மட்டுந்தான் கேக்கீய."

வேலிடேட்டர்

இது புதுப் பக்கங்களுக்குக் கையெழுத்துப் போடும் நோடு. முலுண்டில் இருக்கும் ராகவன் சார் தன் கிரிப்டோ காயின்களைப் பிணையாகப் போட்டு, நடத்தும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். தப்பு நடந்தால் பிணையில் கை வைத்துவிடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். எந்தத் தப்புக்கு எவ்வளவு என்று யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. நின்றால் எல்லாம் போச்சு என்றே நினைத்திருந்தேன்.

ஒரு மதியம் கரன்ட் போனது. இன்வர்ட்டரில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. செல்வி போன் செய்து வயிறு வலிக்கிறது என்றாள். பேட்டரி மாற்றிவிட்டு வருகிறேன் என்றேன். மறுபடி கூப்பிட்டாள். அதையேதான் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா டாக்சி பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தன் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போய்விட்டார். நான் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆனது. குழந்தை தங்கவில்லை. முன்பே வந்திருந்தாலும் தங்கியிருக்காது என்றார் டாக்டர். அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் சிகிச்சைக்கான சம்மதத் தாளை நீட்டினாள்.

"வீட்டுக்காரர் கையெழுத்துக்குப் பாத்தோம். யாரும் இல்ல, அவங்களே போட்டுட்டாங்க."

அபராதம்

ஒரு வாரம் கழித்து ராகவன் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். பதறிப்போனார். கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி ஒன்றையே இரண்டு மெஷினில் வைத்து இரட்டைக் கையெழுத்துப் போட்டால்தான் பெரிய அபராதமாம்.

"அரே, சும்மா நாலு மணி நேரம் நின்னா நாலு வடாபாவ் காசு போகும்ப்பா. அதுக்கா போகாம இருந்தே?"

வீட்டுக்கு வந்து செல்வியிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அந்தக் காச நான் தந்திருப்பம்லா."

இப்போதெல்லாம் கரன்ட் போனதும் மெஷினை அப்படியே விட்டுவிட்டு முதல் ஆளாக வீட்டில் போய் நிற்கிறேன், சக நோடுக்காரர்களே. எதற்கு வந்தீர்கள் என்றுகூடச் செல்வி கேட்பதில்லை.