டம்ளர் கழுவும் பதவி

நகை, வீடு, பிள்ளையின் மார்க் என்று பொறாமைப்பட எத்தனையோ இருக்கிற உலகத்தில், எச்சில் டம்ளரைப் பார்த்து வயிறெரிந்தவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் குடித்தனம் நடத்தினார்கள். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். நம் கதை பெரியவளுடையது. பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, பொக்கை வாய்க்காரர்களுக்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுப்பாள். நூல் பிடித்தாற்போன்ற கை. அதே ஒழுங்கோடு தியானத்திலும் இறங்கியிருந்தாள் என்பதுதான் வம்பாகிப் போனது.

டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம். ஞாயிறு காலையில் பத்துப் பதினைந்து பேர் அங்கே கண்ணை மூடி உட்காருவார்கள். நடத்தியவர் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. படம் கிடையாது, காணிக்கை கிடையாது, சொற்பொழிவு கிடையவே கிடையாது. உட்கார வேண்டியது, எழுந்திருக்க வேண்டியது, டீ குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வழக்கம். யாருக்காவது உள்ளே ஏதோ திறந்துகொண்டது என்று அவருக்குப் பட்டால், “இனிமே டம்ளர நீங்க கழுவிடுங்க” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. விழித்துக்கொண்டவர் கால் தரையில் நிற்கட்டும், முதலில் கிடைப்பது அழுக்குப் பாத்திரமாகவே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். எண்ணம் தங்கமானதுதான். ஆனால் மனுஷ ஜென்மத்தின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தாலும் அதைச் செங்கோலாக்கிவிடுமே. அந்தக் கூடத்தில் குழாயடியில் நிற்பவரின் முதுகுக்கு இருந்த மரியாதை மந்திரிக்குக்கூட இருந்திருக்காது.

மகளை முதல் வகுப்பில் சேர்த்த வருஷம் பெரியவள் கூடத்துக்கு வந்தாள். மகள் இப்போது காலேஜும் முடித்துவிட்டாள். காய்ச்சலோ மழையோ, ஒரு ஞாயிறு தப்பியதில்லை. வீட்டிலும் விடியற்காலை எழுந்து, துணி காயப்போடும் சின்ன அறையில் ஈரத்துணிகளுக்கு நடுவே உட்காருவாள். கிடைத்ததெல்லாம் முட்டிவலி. அவளுக்குப் பின்னால் வந்த மெக்கானிக் டம்ளர் கழுவினார். அவருக்கும் பின்னால் வந்த டீச்சரம்மா கழுவினார். ஊரார்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனாள். பிறகுதான் வீட்டுக்குள்ளேயே வெடித்தது.

சின்னவள் கூரியர் ஆபீஸில் வேலை செய்பவள். வாய் ஓயாது, சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவ மாட்டாள், படுத்தால் அடித்துப்போட்டாற்போல் தூங்குவாள். அவளுடைய ஸ்கூட்டருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரன் நேரமாகும் என்றான். வெயிலில் நிற்பானேன், அக்கா மேலேதானே இருக்கிறாள் என்று மாடி ஏறிப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவளுடைய ஆன்மிகத் தேடல்.

பெரியவள் ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தாள். குறட்டை விட்டு மானத்தை வாங்கிவிடுவாளோ என்ற பயம். ஆனால் சின்னவளின் கன்னம் நனைந்திருந்தது. அதைவிடப் பெரியவளை உறுத்தியது அந்தத் தாடை. அது பாட்டுக்குத் தளர்ந்து கிடந்தது. ஒருவர் உள்ளூர நிம்மதியாக இருந்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ளாது, நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். தொழிலில் அவள் படித்த முதல் பாடம் அது. அந்த நிம்மதியை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு வேண்டாத ஒரு முகத்தில் அவள் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் சின்னவள் தானாகவே வந்தாள். அந்த மாதக் கடைசியில் நர்ஸம்மா அவளிடம் டம்ளர் விஷயத்தைச் சொன்னார். பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில் ஒரு ஸ்பூனைக்கூடக் கழுவாதவள் அங்கே கையை முழங்கைவரை நனைத்துக்கொண்டு, ஏதோ மெட்டை முனகியபடி, ஒவ்வொரு டம்ளராகக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்தபோது அடிவயிறு திகுதிகுவென்று எரிந்தது. இவ்வளவு வருஷம் வாசலில் காத்துக்கிடந்தவள் நான், டயர் மாற்ற வந்தவளுக்கா கதவு திறக்கும் என்று கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது?

அன்று முதல் வீட்டில் அவளுக்கு ஒரு புது வேலை கிடைத்தது. சின்னவள் எப்போது சறுக்குவாள் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காகச் சின்னவள் புருஷனைக் காய்ச்சி எடுத்த அன்று பெரியவளுக்கு இனித்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு போனில் பேசப் போய், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த அன்று இன்னும் இனித்தது. இதுதான் ஞானம் வந்த லட்சணமா என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், அப்படியே நம் வீட்டுப் பாத்திரத்தையும் ஞானத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லேன், உனக்கும் கை ஓயும் என்றார். அதற்கும் ஒரு பாட்டம் சண்டை நடந்தது.

எரிச்சல் வீட்டோடு நிற்கவில்லை. லேபிலிருந்து போன ஒரு பல் செட் திரும்பி வந்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. போட்டுக்கொண்டவர்கள் இருவருக்கும் ஒரே புகார், வாயை மூடினால் மூடினாற்போல் இல்லை, பல் எந்நேரமும் முட்டிக்கொண்டே நிற்கிறது, தாடைக்கு ஓய்வே கிடைக்கவில்லை. முதலாளி அச்சில் பொருத்திப் பார்த்தார். டாக்டர் குறித்த அளவைவிட இவள் பல்லை ஒரு மயிரிழை உயரமாக நட்டிருந்தாள். உங்கள் கையில் இப்படி வந்ததே இல்லையே என்று அவர் வருத்தத்தோடு சொன்னார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அந்த ஞாயிறு அவள் கூடத்துக்குப் போகவில்லை. லேபில் வேலை முடியவில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். அடுத்த ஞாயிறும் அதே பொய். விடியற்காலை எழுவதையும் விட்டாள். போர்வைக்குள் கிடந்து கூரையைப் பார்ப்பாள். உட்கார்ந்த வருஷமெல்லாம் தண்டமா, இனி உட்காருவதில் ஏதாவது அர்த்தம் உண்டா என்ற ஒரே கேள்விதான் அவளைக் குடைந்தது. இல்லையென்றால் இல்லை என்று தலைமுழுகிவிடவும் மனம் வரவில்லை. விட்டுவிட்டால் ஜெயித்தவள் சின்னவள் ஆகிவிடுவாளே.

ஒரு சாயங்காலம் துணி காயும் அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அதிசயமாக வாய் மூடியிருந்தது. ஒரு சட்டையை எடுத்து மடிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை, வைத்துவிட்டாள்.

“போயிடுச்சுக்கா” என்றாள்.

என்ன போயிற்று என்று பெரியவள் கேட்கவில்லை. புரிந்துவிட்டது. சின்னவள்தான் மடைதிறந்தாற்போல் சொல்லிக்கொண்டு போனாள். சில வாரம் எல்லாமே போதும் போதும் என்று இருந்ததாம். ஆபீஸ் ஃபேன் கடகடப்பதுகூட நன்றாக இருந்ததாம். திட்டினாலும் திட்டு உள்ளே போய்த் தங்காதாம். பிறகு ஒரு நாள் காலை கண் விழித்தால் பழையபடி தான் மட்டும் இருந்தாளாம், வேறு எதுவும் இல்லையாம். நர்ஸம்மாவிடம் போய் அழுதிருக்கிறாள். அவர் சரி என்றுவிட்டு, குழாயடியைக் கை காட்டினாராம்.

கேட்கக் கேட்கப் பெரியவளுக்குள் ஒன்று கிளம்பியது. இரக்கமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை, அது சந்தோஷம். பரிசு விழுந்தாற்போன்ற சுத்தமான சந்தோஷம். தங்கை மாதிரி ஒருத்தி எதிரே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், இவளுக்கு உள்ளே கொண்டாட்டம். இத்தனை வருஷம் கண்ணை மூடி மூடி உள்ளே எதையோ தேடினாளே, ஒரு தடவையாவது எதையாவது இவ்வளவு தெளிவாகப் பார்த்திருப்பாளா? சாக்குச் சொல்லி மூடி மறைக்க வழியில்லாமல் அது பட்டவர்த்தனமாக நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் சின்னவள் அதைச் சொன்னாள்.

“உங்களப் பாத்தா பொறாமையா இருக்குக்கா. ஒண்ணுமே கெடைக்காம இத்தன வருஷம் விடாம உக்காந்தீங்க. என்னால ஒரு வாரம் முடியல. எப்படின்னு எனக்குச் சொல்லிக்குடுங்க.”

பெரியவளின் கையில் பாதி மடித்த புடவை அப்படியே நின்றது. பொறுமை, நம்பிக்கை, பலனை எதிர்பாராமை என்று நல்ல வார்த்தைகளெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசை கட்டின. அவள் செய்து அனுப்பும் பல்லைப்போலவே எல்லாம் வெள்ளை, எல்லாம் பொய். ஒன்றையும் அவள் வெளியே விடவில்லை.

“முட்டி வலிக்கும்” என்றாள். “இன்னிக்காவது ஏதாவது வருமான்னு இருக்கும். வராது. எந்திரிச்சு வேலைக்குப் போவேன். உனக்குக் கெடச்சதுக்கு அப்புறம் உன்மேல ஒரே வயித்தெரிச்சல். அது தாங்காமத்தான் உக்காறதையே விட்டேன். லேபுல வேலைன்னு சொன்னதெல்லாம் பொய்.” பாதி மடித்த புடவையைக் கூடையில் போட்டாள். “இப்ப போயிடுச்சுன்னு நீ சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுடி.”

சின்னவளின் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பிப் போய்விடுவாள், இனி இந்த வீட்டில் ரெண்டு அடுப்புதான் என்று பெரியவள் நினைத்தாள். சின்னவள் போகவில்லை. நிலைப்படியை விட்டு உள்ளே வந்து, சுவரோரம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்கு உங்கமேல கோவம் கோவமா வருதுக்கா.”

“வரட்டும். அதோடயே உக்காரு” என்று சொல்லிவிட்டு, பெரியவள் துணிக்கூடையைக் காலால் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.