"உங்களுக்கு அங்க இன்னா வேலை?"

எண்பதுகளில் பழவேற்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் நான் டீச்சர். மகள் எட்டாம் மாதமே பிறந்து, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பிரசவத்துக்கு ஒரு மாதம்தான் லீவு. என் கணவருக்கு அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரி வந்து போவார்.

பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அப்பா மாரி, எங்கள் பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்து மீனவன். எந்நேரமும் வராந்தாவிலேயே கிடந்தான். சோம்பேறி என்று நினைத்து, "தொழிலுக்குப் போகலையா?" என்று அதட்டினேன்.

"ஏரியில வலை போட ஆளுக்கொரு முறை உண்டு டீச்சர், பாடுனு சொல்வோம். இந்த வாரம் என்னுது. புள்ள வூட்டுக்கு வந்தப்புறம் போட்டுக்கடானு ஊர்ல என் முறைய நிறுத்தி வெச்சிருக்காங்க."

வெட்கமாகிவிட்டது. எங்கள் தலைமையாசிரியரிடம் இன்னும் இரண்டு வாரம் லீவு கேட்டேன்.

"குழந்தையைத்தான் நர்சு பாத்துக்குதே, உங்களுக்கு அங்க இன்னா வேலை?" என்றார்.

படித்த மனுஷன்! நானும் திருப்பிக் கேட்காமல், போய் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். அவர்மேல் வந்த கோபத்தில் பாதி இன்னும் என்மேலேயே இருக்கிறது. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பால் கசிந்து ரவிக்கை நனைந்தது.

அந்த வாரம்தான் மகளை முதன்முதலாகப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள். "இந்தக் குழந்தைக்கு யாரு?" என்று நர்சு கூப்பிட்டாராம். நான் கரும்பலகை முன்னால் நின்றிருந்தேன். கை நீட்டி வாங்கியவன் மாரி.